வெய்ட் தூக்கி நடக்குற சேலஞ்ச்: நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் பத்திரமா செய்றது எப்படி

ரெண்டு கையிலயும் கேனைத் தூக்கிட்டு இத்தனை மீட்டர் நடந்து காட்டு, அதை வீடியோ எடுத்து நாலு பேரை டேக் பண்ணுன்னு ஒரு சேலஞ்ச், ஃபோனைத் திறந்தாலே வந்து நிக்குது. ஜிம்ல இதுக்கு ஃபார்மர்ஸ் வாக்னு பேரு, லோடட் கேரின்னும் சொல்லுவாங்க. நம்ம பக்கம் பசங்களுக்கு இந்த மாதிரி ஆசை வர்றது பெரும்பாலும் மீன்பிடி தடைக்காலத்துல தான், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில நிக்கும், கையில வேலை இருக்காது, உடம்புல தெம்பு இருக்கும், சரி ஏதாவது செய்வோம்னு தோணும். வருஷத்துலயே மோசமான வெயிலும் அதே நேரம் தான், அக்னி நட்சத்திரம் முழுசும் அதுக்குள்ள வந்துரும். அதனால தான் இதை உக்காந்து விளக்கமா எழுதுறேன்.

பயிற்சின்னு பாத்தா இது உண்மையிலேயே அருமையான பயிற்சி. கைப்பிடி இறுகும், வயிறு முதுகு தோள் கால்னு எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யும், மூச்சும் வாங்கும், பெரிய மெஷின் எதுவும் வேணாம். தண்ணிக் குடம், அரிசி மூட்டை, சிலிண்டர்னு வீட்டுல தூக்குற எதுக்கும் இந்த பலம் நேரடியா உதவும். ஆனா எல்லாரும் கேக்குறது எவ்வளவு தூக்குனன்னு தான், எப்ப இறக்குன, எப்படி இறக்குனன்னு யாரும் கேக்குறதில்ல. நான் பாத்த வரைக்கும் அடிபடுறது எல்லாம் தூக்கும்போது கம்மி, கை நழுவுற அந்த கடைசி பத்து அடியிலயும் கீழ வைக்கிற நேரத்துலயும் தான் முதுகு பிடிக்குது, கால் மேல விழுகுது. அதனால இறக்கப் பழகிட்டு அப்புறம் தூரத்தைக் கூட்டுங்க, என் கருத்து இது தான், கீழ எழுதுறது எல்லாமே இதை வச்சு தான்.

பாம்பன் மண்டபம் ஜெட்டில மீன் பெட்டி தூக்குற அண்ணன்மாரை ஒரு காலை நேரம் நின்னு கவனிங்க. தானா குனிஞ்சு தலைக்கு ஏத்துறதே அபூர்வம், ஒருத்தர் தூக்கி விடுவாரு, அந்தப் பக்கம் ஒருத்தர் இறக்கி விடுவாரு. மீன் விக்கிற அக்காமாரும் அன்னக்கூடைக்கு அடியில சும்மாடு வச்சு, பக்கத்துல நிக்கிறவங்கள ஒரு கை கேட்டுட்டுத் தான் இறக்குவாங்க. எட்டு சின்னதா இருக்கும், கண்ணு முன்னாடி பாத்துட்டே இருக்கும், நடுவுல நின்னு பேச மாட்டாங்க. பழைய ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல்லு பாத்துருப்பீங்க, ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைக் குறுக்க போட்டுருப்பாங்க, வழியில போறவங்க யார் உதவியும் இல்லாம, குனியாம சுமையை இறக்கி வைக்கிறதுக்குன்னே வச்சது, கர்ப்பமா இருக்கும்போது இறந்துபோன பொண்ணுங்க நினைவா வைக்கிற வழக்கம். அந்தக் காலத்துல தூரப்பயணத்துக்கு சுமை இறக்குற இடத்தை அவ்வளவு யோசிச்சு வச்சுருக்காங்க. நம்ம சேலஞ்ச்லயும் அதே மாதிரி எங்க இறக்கப் போறோம்னு தூக்குறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிரணும்.

யாரெல்லாம் டாக்டர்கிட்ட கேக்காம இதுல இறங்கக் கூடாதுன்னு சொல்லிடுறேன். பிரஷர் இருக்கவங்க, ஹார்ட் பிரச்சனை இருக்கவங்க, குடலிறக்கம் இருக்கவங்க இல்ல அதுக்கு ஆபரேஷன் பண்ணவங்க, டிஸ்க் விலகி கால்ல மரத்துப்போற தொல்லை இருக்கவங்க, கர்ப்பமா இருக்கவங்க, குழந்தை பெத்து கொஞ்ச மாசமே ஆனவங்க. சுகர் இருக்கவங்களுக்கு ரெண்டு விஷயம், ஒண்ணு மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டு வெறும் வயித்துல செஞ்சா சுகர் இறங்கிரும், இன்னொண்ணு பாதத்துல உணர்ச்சி கம்மியா இருந்தா முள்ளு குத்துனாக்கூட தெரியாது. ஸ்கூல் படிக்கிற தம்பி தங்கச்சிங்க லேசான வெய்ட்ல பெரியவங்க பக்கத்துல இருக்க பழகலாம், யாரு அதிகம் தூக்குறான்னு போட்டி மட்டும் அவங்களுக்கு வேணாம்.

எதைத் தூக்குறது? டம்பெல் கெட்டில்பெல் இருந்தா நல்லது, இல்லன்னா கைப்பிடி உள்ள 10 லிட்டர் கேன் ரெண்டு போதும். தண்ணி நிறைய ஊத்துனா ஒரு கேன் 10 கிலோ, அதுலயே காஞ்ச மணலை நிரப்புனா 15, 16 கிலோ வரும், மணலை நனைச்சா இன்னும் ரெண்டு மூணு கிலோ கூடும், ஆக ஒரே கேனை வச்சே மாசக்கணக்குல ஓட்டிரலாம். தண்ணி ஊத்துறதா இருந்தா கழுத்து வரைக்கும் ஊத்திருங்க, பாதி கேனா இருந்தா உள்ள தளும்பி ஒவ்வொரு எட்டுக்கும் கையை முன்னாடி பின்னாடி இழுக்கும், லேசான வெய்ட்டே மணிக்கட்டை நோகடிச்சிரும். ரெண்டு கேனும் ஒரே எடை தானான்னு கண்ணால முடிவு பண்ணாதீங்க, மீன் கடையிலயோ மளிகைக் கடையிலயோ எலக்ட்ரானிக் தராசுல ஒரு தடவை வச்சுப் பாத்துட்டு மார்க்கர்ல எழுதிருங்க. பெயிண்ட் வாளின்னா அந்தக் கம்பிப் பிடி கையை அறுக்கும், காது பிய்ஞ்சு வாளி அப்படியே கால் மேல விழுகும், பழைய சைக்கிள் டியூபை வெட்டி கம்பியில சுத்திட்டு, காது ரெண்டும் உறுதியா இருக்கான்னு ஆட்டிப் பாத்துட்டு தூக்குங்க. வீட்டு சிலிண்டரை இதுக்கு எடுக்கவே எடுக்காதீங்க. 20 லிட்டர் குடிதண்ணி கேனும் வேணாம், சரியான பிடி இல்ல, ஈரக்கையில வழுக்கும்.

மணலுக்குக் கடற்கரைக்கு சாக்கோட போயிராதீங்க, கடல் மணல் அள்ளுறதுக்குத் தடை இருக்கு, வீடு கட்டுற இடத்துல கொஞ்சம் எம் சாண்ட் கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. கரையில ஒதுங்கிக் கிடக்குற பவளப்பாறைக் கல்லு தூக்கத் தோதா இருக்கேன்னு சில பேரு எடுத்துட்டு வர்றாங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்குற ஊரு இது, பவளப்பாறை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல புலி யானை இருக்குற அதே முதல் அட்டவணையில இருக்கு, அதைத் தொடாதீங்க.

இடத்தைப் பத்திக் கொஞ்சம் நிறையவே சொல்லணும், ஏன்னா வீடியோ அழகா வரணும்னு எல்லாரும் தப்பான இடத்துக்குத் தான் போறாங்க. பாம்பன் ரோட்டுப் பாலம் வேணவே வேணாம், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், பக்கவாட்டுல காத்து தள்ளும், டூரிஸ்ட் வண்டியெல்லாம் ரயில் பாலத்தை போட்டோ எடுக்க அங்கங்க நிப்பாட்டிருப்பாங்க, பஸ்ஸு ஒதுங்குனா கேனோட நீங்க எங்க ஒதுங்குவீங்க? தனுஷ்கோடி ரோடும் அப்படித் தான், முகுந்தராயர் சத்திரம் தாண்டுனா அரிச்சல்முனை வரைக்கும் 9 கிலோமீட்டருக்கு மேல ஒரு மர நிழல் கிடையாது, கச்சான்னு சொல்ற தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசத்துல மணலு பறந்து கண்ணுல அடிக்கும், ரோட்டுலயும் மணல் படிஞ்சு வழுக்கும். ஏதாவது ஆயிட்டா முனையில இருந்து ராமேஸ்வரம் டவுனுக்கே சுமார் 20 கிலோமீட்டர். கடலைப் பாக்கப் போங்க, கேனைக் கொண்டு போகாதீங்க.

கடற்கரை மணல்ல செய்யலாமான்னு கேட்டா, முதல் மாசம் வேணாம்பேன். அரியமான் மாதிரி நீளமான கரையில காலையில நடக்க சுகமாத் தான் இருக்கும், ஆனா காஞ்ச மணல்ல பாதம் புதையும், கெண்டைக்காலும் கணுக்காலும் ரெண்டு மடங்கு வேலை செய்யும், வெய்ட்டோட சுளுக்குனா வாரக்கணக்குல படுக்கணும். அலை ஓரத்து ஈர மணல் கெட்டியா இருக்கு சரி, ஆனா அது கடலைப் பாத்து சரிஞ்சிருக்கும், ஒரு கால் மேடு ஒரு கால் பள்ளம்னு இடுப்பு கோணிக்கிட்டே போவோம், வெறுங்கையோட தெரியாது, கையில 15 கிலோ இருந்தா மறுநாள் இடுப்பு சொல்லும். கண்ணாடிச் சில்லு, தூண்டில் முள்ளு, அறுந்த வலைன்னு என்னென்னவோ கிடக்கும், அதனால வெறுங்காலும் வேணாம். நல்ல இடம்னா ஸ்கூல் மைதானம், வீட்டு முன்னாடி வண்டி வராத சிமெண்டுத் தெரு, மொட்டை மாடி கூட சரி தான். சீமைக் கருவேல முள்ளு இல்லாத இடமான்னு ஒரு தடவை நடந்து கூட்டிவிட்டுருங்க, அந்த முள்ளு ரப்பர் செருப்பைத் தாண்டி ஏறும்னு நம்மூர்ல யாருக்கும் சொல்லத் தேவையில்ல. ஷூ போடுங்க, அடிப்பகுதி தட்டையா கெட்டியா இருக்கட்டும்.

இப்ப வெயில். நம்ம கடற்கரையில பிரச்சனை வெறும் சூடு மட்டும் இல்ல, புழுக்கம். வேர்வை காஞ்சா தான் உடம்பு குளிரும், காத்துல ஏற்கனவே ஈரம் நிறைஞ்சு இருக்கும்போது வேர்வை காயாம வடிஞ்சு தான் போகும், தண்ணியும் உப்பும் போயிரும் ஆனா உடம்பு குளிராது. ஃபோன்ல 33 டிகிரின்னு காட்டுறதை நம்பி இறங்குனா அது மேலுக்கு ரொம்பக் கூடவே தெரியும். கடல்காத்து ஏற முன்பகல் ஆயிரும், அதனால சில நாள் காலை 6 மணிக்கே இலை அசையாம இருக்கும், அன்னைக்கு வெய்ட்டைக் குறைங்க, இல்ல விட்டுருங்க. மத்த நாள் அஞ்சரைக்கு ஆரம்பிச்சு ஏழு மணிக்குள்ள முடிச்சிருங்க. சாயங்காலம்னா வெயில் இறங்குன பிறகு, தரை சூடும் ஆறட்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கு, சவூதி துபாய்ல இருந்து லீவுல வந்தவங்க, சென்னையில ஏசி ஆபீஸ்ல இருந்து ஊருக்கு வந்தவங்க. முன்னாடி நான் இதே வெயில்ல ஃபுட்பால் ஆடுனவன்னு சொல்லுவாங்க, உண்மை தான், ஆனா உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும், அந்தப் பழக்கம் ஏசில இருந்தா போயிரும். வந்த மூணாம் நாளே சேலஞ்ச் வேணாம் மாப்ள, முதல் வாரம் வெறுங்கையோட நடங்க. நோன்பு நேரத்துல பகல்ல சுத்தமா வேணாம், கீழக்கரை ஏர்வாடிப் பக்கம் பசங்க சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம் நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் தானேன்னு செய்றாங்க, உடம்புல தண்ணி ரொம்பக் கம்மியா இருக்குற நேரமே அது தான். திறந்து, சாப்பிட்டு, ஒன்றரை ரெண்டு மணி நேரம் போன பிறகு லேசான வெய்ட்ல செய்ங்க, சேலஞ்சைப் பெருநாளுக்கு அப்புறம் வச்சுக்கலாம்.

தூக்குறது இப்படி. கேன் ரெண்டையும் பாதத்துக்கு ரெண்டு பக்கமும் கணுக்காலுக்கு நேரா வைங்க, முன்னாடி வச்சா குனிஞ்சு இழுக்குற மாதிரி ஆயிரும். இடுப்பைப் பின்னாடி தள்ளி முட்டியை மடக்கி இறங்குங்க, முதுகு வளையக் கூடாது. கைப்பிடியை விரல் நுனியில தொங்கவிடாம உள்ளங்கை முழுசா இறுக்கிப் பிடிங்க. யாரோ வயித்துல குத்த வர்ற மாதிரி வயித்தை இறுக்கி, காலால தரையை அழுத்தி எந்திரிங்க. எந்திரிச்ச உடனே ஓடாதீங்க, ஒரு மூச்சு நின்னு தோளைக் காதுகிட்ட இருந்து இறக்கிட்டு, கேன் ஆட்டம் நின்னதும் நடங்க. எட்டு சின்னதா, பார்வை பத்துப் பதினஞ்சு அடி தள்ளி. மூச்சை அடக்கிட்டு நடக்குறது தான் நிறைய பேரு செய்றது, அடக்குனா பிரஷர் சர்ருன்னு ஏறும், தலை கிறுகிறுக்கும், அதனால ரெண்டு எட்டுக்கு இழுத்து ரெண்டு எட்டுக்கு விடுங்க, இல்லன்னா சத்தமா எட்டை எண்ணிக்கிட்டே போங்க, எண்ண முடியுதுன்னா மூச்சு ஓடுதுன்னு அர்த்தம்.

திரும்பும்போது இடுப்பை மட்டும் முறுக்கித் திரும்பாதீங்க, பாதத்தைச் சின்னச் சின்னதா எடுத்து வச்சு முழு உடம்பும் சேந்து திரும்பணும். இறக்குறதுக்கு நடை முழுசா நிக்கணும், ரெண்டு பாதமும் சமமா இருக்கணும், வயிறு இறுக்கமாவே இருக்கணும், தூக்குன அதே வழியில இடுப்பு பின்னாடி போய் முட்டி மடங்கி கேன் தரையைத் தொட்ட பிறகு தான் விரலை விடணும். நடந்துட்டே ஒரு கையை மட்டும் சாச்சு போடுறது, வீடியோ எடுக்குறவனைப் பாத்துத் திரும்பிட்டே கீழ வைக்கிறது, ரெண்டும் தான் முதுகு பிடிக்கிற வழி. ஒருவேளை கை நழுவுற நிலை வந்துருச்சுன்னா காப்பாத்தப் பாக்காதீங்க, காலை ஒதுக்கிட்டு விட்டுருங்க, கேன் உடைஞ்சா வாங்கிக்கலாம். முதல் ரெண்டு நாள் நடக்கவே வேணாம், தூக்கு, அஞ்சு எண்ணு, இறக்கு, இதையே பத்து தடவை பண்ணுங்க போதும்.

ஒத்தைக் கையில தூக்கி நடக்குறதும் உண்டு, சூட்கேஸ் கேரின்னு சொல்லுவாங்க, இடுப்பு பக்கவாட்டுத் தசைக்கு ரொம்ப நல்லது, ஆனா வெய்ட்டைக் குறைச்சு ரெண்டு பக்கமும் சம தூரம் நடங்க. குடத்தை எப்பவும் ஒரே இடுப்புல வச்சுப் பழகுன அக்காமாருக்கு மறுபக்கம் முதல்ல ரொம்பத் தடுமாறும், அந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. பேக்பேக்ல போட்டு நடக்குறதுன்னா உங்க எடையில பத்துல ஒரு பங்கு போதும், பை முதுகோட ஒட்டி மேல ஏறி இருக்கணும். தலைக்கு மேல தூக்கி நடக்குற வகையை இப்போதைக்கு மறந்துருங்க.

ஆறு வாரத் திட்டம் ஒண்ணு சொல்றேன், 70 கிலோ இருக்குற ஆளுக்கு, இதுவரை பயிற்சி எதுவும் செய்யாதவருக்கு. வாரம் மூணு நாள், நடுவுல ஒரு நாளாவது லீவு. முதல் வாரம் கைக்கு 10 கிலோ, 50 எட்டு நடந்து இறக்கி ரெண்டு நிமிஷம் ரெஸ்ட், இப்படி ஆறு சுத்து, சின்ன எட்டுக்கு 50ன்னா சுமார் 30 மீட்டர் வரும். ரெண்டாவது வாரம் வெய்ட் அதே, சுத்து மட்டும் 8. மூணாவது வாரம் கைக்கு 12 கிலோ, சுத்தை ஆறுக்கு இறக்கிருங்க. நாலாவது வாரம் 12 கிலோவே, ஆனா 80 எட்டு. அஞ்சாவது வாரம் 15 கிலோ, 50 எட்டு. ஆறாவது வாரம் பாதி வேலை மட்டும் செஞ்சு உடம்பை ஆற விட்டுட்டு கடைசி நாள் சேலஞ்ச். வெய்ட்டையும் தூரத்தையும் ஒரே வாரத்துல ஏத்தக் கூடாது, இது ஒண்ணு தான் கண்டிப்பு. ஒவ்வொரு சுத்துலயும் இன்னும் 15 எட்டு போகலாம்ங்கிற நிலையிலயே இறக்கிருங்க. படகுல வேலை செய்றவங்களுக்குக் கைப்பிடி ஏற்கனவே இரும்பா இருக்கும், அவங்க வெய்ட்டை சீக்கிரம் ஏத்தலாம்னு நினைப்பாங்க, கை தாங்கும், முட்டி கணுக்கால் அந்த வேகத்துக்கு வராது, அவங்களும் முதல் ரெண்டு வாரத்தை விட்டுத் தாண்ட வேணாம்.

சேலஞ்ச் நாளுக்கு நான் சொல்ற அளவு, ரெண்டு கையும் சேத்து உங்க எடையில பாதி, அதாவது 70 கிலோ ஆளுக்குக் கைக்கு பதினேழரை, 200 மீட்டர், எத்தனை தடவை வேணும்னாலும் இறக்கலாம், நேரக் கணக்கு கிடையாது. ரீல்ஸ்ல முழு எடையைத் தூக்கிட்டுப் போறாங்களேன்னா அவங்க வருஷக்கணக்கா தூக்குறவங்க. விதியில ஒண்ணு சேத்துக்கோங்க, நழுவிப் போட்டா அந்த சுத்து கணக்குல இல்ல, ஒழுங்கா இறக்குனா தான் கணக்கு, இதை மட்டும் வச்சுட்டீங்கன்னா பசங்க தானா நேரத்தோட இறக்க ஆரம்பிச்சிருவாங்க. தனியா செய்யாதீங்க, கூட ஒருத்தர் வெறுங்கையோட கூடவே நடக்கணும், அவர் கையில ஃபோன் இருக்கட்டும் ஆனா வீடியோ எடுக்குற ஆள் வேற ஆளா இருக்கட்டும்.

முதுகுல சுருக்குன்னு குத்துனா, கால்ல மின்சாரம் மாதிரி ஓடுனா இல்ல மரத்துப்போனா, தொடை இடுக்குல புடைச்சா அன்னைக்கு அதோட நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. நெஞ்சு அழுத்துனா, வலி கை தாடைக்கு ஏறுனா கேஸ்னு சொல்லி சோடா குடிச்சு உக்காராதீங்க, 108. வெயில்ல தலைவலி, குமட்டல், தசை இழுப்பு வந்தா நிழல்ல படுக்க வச்சு, சட்டையைத் தளத்தி, கொஞ்சம் கொஞ்சமா ஓஆர்எஸ் கொடுங்க. ஆள் குழறிப் பேசுனாலோ, சம்பந்தம் இல்லாமப் பேசுனாலோ, மயங்குனாலோ அது ஹீட் ஸ்ட்ரோக், உயிர் ஆபத்து, 108க்கு ஃபோன் போட்டுட்டு ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் சும்மா நிக்காம குடம் குடமா தண்ணி ஊத்தி விசிறுங்க, நம்மூர்ல எந்தத் தெருவுலயும் மீன் பெட்டியில ஐஸ் கிடைக்கும், துணியில கட்டி கழுத்து, அக்குள், தொடை இடுக்குல வைங்க. நினைவு சரியில்லாத ஆளுக்கு வாயில தண்ணி ஊத்தக் கூடாது, புரையேறிரும்.

குடிக்கிறதுக்கு வீட்டுல கலக்குறதுன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டுமே தலை தட்டி. நீராகாரத்துல உப்பு போட்டுக் குடிச்சாலும் நல்லது தான், சீசன்ல பதநீர் நொங்கு கிடைச்சா முடிஞ்ச பிறகு சாப்பிடுங்க. வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டரா ஒரே மூச்சுல குடிக்க வேணாம், அதுவும் உப்பைக் குறைச்சு ஆபத்தாயிரும்.

மறுநாள் முன்கையும் தோள்பட்டையும் வலிக்கும், அது சாதாரணம், ரெண்டு மூணு நாள்ல போயிரும். ஆனா மூத்திரம் கட்டங்காப்பி நிறத்துல போனா, உடம்பு வலியும் தாங்க முடியாம இருந்தா, தசை சிதைஞ்சு கிட்னியை அடிக்குதுன்னு அர்த்தம், வீட்டுல இருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. உள்ளங்கையில கொப்புளம் வந்தா உரிக்காதீங்க, கடல் வேலைக்குப் போறவங்களா இருந்தா ஆறுற வரைக்கும் கட்டு போட்டுக்கோங்க. அடுத்த வாரம் முழுசும் பாதி வெய்ட். கேன்ல தண்ணி ஊத்தியிருந்தா மூடியை இறுக்கி வைங்க, இல்ல கொட்டிட்டு கவுத்து வைங்க, திறந்து கிடந்தா டெங்கு கொசு வந்து முட்டை போட்டுரும்.